மூன்று தாத்தாக்கள்: ஹாலிஎலப் பிள்ளையும் அதன் மொழிகளும்

இலங்கையின் ஊவா மாகாணத்து ஹாலிஎல கடைத்தெருவில் 'தாத்தா' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று உறவுகள் உண்டு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து இறங்கிவரும் தமிழ்ப் பிள்ளைக்கு அது தாயையோ தந்தையையோ பெற்ற முதியவரைக் குறிக்கும். அரிசிக்கடை வாசலில் தந்தையின் கையைப் பிடித்து நிற்கும் சிங்களப் பிள்ளைக்கு அந்தத் தந்தையே தாத்தா. புடைவைக்கடை முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கோ, அதன் வீட்டு மொழியும் தமிழே ஆயினும், தாத்தா என்பவர் கூடப் பிறந்த மூத்த சகோதரி. ஒலியில் வேறுபாடு இல்லை, தமிழெழுத்தில் எழுதினால் அதிலும் வேறுபாடு இல்லை. யார் வாயிலிருந்து அச்சொல் வருகிறது என்பதைக் கொண்டே பொருள் தெளிய வேண்டும். எட்டு வயதுக்குள் இந்தத் தெளிவைப் பெற்றுவிடும் பிள்ளை, மொழியியலாளர் நூல்களில் விரித்துரைக்கும் ஒரு செய்தியை எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொண்டிருக்கிறது. பல பண்பாடுகளுக்கிடையே வளரும் பிள்ளைமை பற்றிய இச்சொற்பொழிவு அந்தக் கல்வியையும், அதற்குப் பள்ளிக்கூடமும் அரசாங்கமும் கொடுத்த மதிப்பையும் பற்றியது.

ஊரின் பெயரிலிருந்து தொடங்குவது பொருந்தும். 'எல' என்பது ஓடை, கால்வாய் ஆகியவற்றைக் குறிக்கும் சிங்களச் சொல். ஊவா மாகாணத்து ஊர்ப்பெயர்களுள் பல, தமிழர் நாவுக்கேற்ப ஐகார ஈறு பெற்று, பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, ஹப்புத்தளை எனத் தமிழ்ப்பெயர் போலவே ஆகிவிட்டன. ஹாலிஎல அவ்வாறு வளைந்துகொடுக்கவில்லை. தமிழ்ச் சொல்லின் நடுவே உயிரெழுத்துத் தனித்து நிற்றல் கூடாது என்பதும், இரண்டு உயிர்கள் சந்திக்கும் இடத்தில் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வந்து அவற்றைப் பொருத்தும் என்பதும் இலக்கண விதிகள். அவ்விதியைப் பின்பற்றி 'ஹாலியெல' என்று எழுதுவோரும் உண்டு என்றாலும், வழக்கில் பெரிதும் நிலைத்திருப்பது இலக்கணத்துக்கு அடங்காத ஹாலிஎலவே. வடமொழிக்கென வந்த ஹகரமும், உடம்படாத இரண்டு உயிர்களும், சிங்களப் பொருளும் கொண்ட இப்பெயரைத்தான் தோட்டத்துப் பிள்ளை தன் முதலாம் வகுப்புக் கொப்பியில் தமிழெழுத்தில் எழுதிப் பழகுகிறது.

கொழும்பிலிருந்து மலையேறிவரும் இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டு பதுளையைச் சென்று சேர்ந்தது. தெமோதரை, உடுவரை ஆகிய நிலையங்களைக் கடந்தபின், பதுளைக்கு முன்னுள்ள கடைசி நிலையம் ஹாலிஎல. பாதையின் கீழ்ப்புறத்தில் ஓடைகளை ஒட்டிய வயற்படிகளும் சிங்களக் கிராமங்களும், மேற்புறச் சரிவுகளில் தேயிலையும் லயங்களும், இரண்டுக்கும் நடுவே சாலையோரமாகக் கடைத்தெருவும் என இந்நிலப்பகுதி மூன்று அடுக்காக அமைந்திருப்பது இயற்கையின் ஏற்பாடன்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய ஆட்சிக்கெதிராக ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டதும், 1840இல் வந்த முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம் உறுதி காட்ட முடியாத மேட்டு நிலங்களை அரசுடைமையாக்கி, அவை கோப்பித் தோட்டங்களாக மாற வழிவகுத்ததும் அந்த அமைப்பின் முன்கதை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த குடும்பங்கள் 'கண்டிச்சீமை' என்று தாங்கள் அழைத்த அந்நிலத்தில் குடியமர்த்தப்பட்டன. ஆகவே, நிலமிழந்த நினைவோடு கீழே ஒரு சமூகமும், நிலமே இல்லாமல் மேலே ஒரு சமூகமும் கூப்பிடு தூரத்தில் வாழலாயின. இருவருக்கும் இடையே பண்டம் விற்றவர்களுள் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். இந்தியத் தமிழர் எனப் பதிவானோர் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானோர்.

பல பண்பாடுகளில் வளரும் பிள்ளையைப் பற்றி உலக அளவில் இன்று அதிகமாகப் பேசப்படும் கருத்து 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளை' என்பதாகும். ரூத் ஹில் உசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950களில் இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது உருவாக்கிய தொடர் அது. பெற்றோரின் நாட்டுப் பண்பாடு முதலாவது, குடியிருக்கும் நாட்டுப் பண்பாடு இரண்டாவது, இவ்விரண்டுக்கும் இடையில் அயல்நாட்டு ஊழியர்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் வாழ்க்கை மூன்றாவது என்பது அதன் விளக்கம். தூதரக அதிகாரி, மதப் போதகர், நிறுவன மேலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அது நன்கு பொருந்தும். திரும்பிச் செல்ல ஒரு நாடும், கையில் ஒரு கடவுச்சீட்டும், இடமாற்றத்துக்கு ஒரு காலவரையும் உள்ள பிள்ளையை மனத்திற்கொண்டு அமைந்த அந்தக் கருத்து, நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து, எங்கும் இடம்பெயராமலே நான்கு மொழிகளின் நடுவே வளர்ந்த ஹாலிஎலப் பிள்ளையைத் தொடவில்லை. இப்பிள்ளை பண்பாடுகளைத் தேடிச் செல்லவில்லை. காலையில் லயத்து வாசலில் ஒன்று, பத்து மணிக்குப் பள்ளியில் ஒன்று, மாலையில் கடைத்தெருவில் இரண்டு என அவை நேரம் பார்த்து அதனிடம் வந்தன.

இதே மலைகளில் உசீம் கூறும் வகையைச் சேர்ந்த பிள்ளைகளும் இருந்தனர் என்பதை இடையில் குறிப்பிடலாம். தோட்டங்களை நடத்திய வெள்ளைத் துரைமாரின், பங்களாவில் பிறந்த பிள்ளைகளை ஆயாமார் தமிழிலேயே தாலாட்டினர். ஆங்கிலத்துக்கு முன்னரோ அதனோடு சேர்த்தோ தமிழ் பேசிய அப்பிள்ளைகள் ஏழெட்டு வயதில் இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுவதும், தமிழை அங்கே மறப்பதும் வழக்கமாக இருந்தன. தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னத்துரைமாரும் தமிழ் கற்க வேண்டியிருந்தது. அவர்களுக்காகக் கொழும்பில் அச்சான சட்டைப்பைக் கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். ஒரு மொழியைக் கற்பதற்கு ஏவல் வினையை வாசலாக வைத்த நூல் அது. துரைக்கும் இரு மொழி, தொழிலாளிக்கும் இரு மொழி என்றாலும், ஒருவர் கட்டளையிடுவதற்கும் மற்றவர் கட்டளையை விளங்கிக்கொள்வதற்கும் அவற்றைப் பயன்படுத்தினர். இருமொழித் திறன் என்று இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது கல்வியியல் நூல்களின் தாராள மனத்தையே காட்டுகிறது.

லயத்துப் பிள்ளையின் முதல் மொழி தமிழ். அந்தத் தமிழ் வேறெங்கும் முழுமையாக வழங்காத தமிழ். விடியுமுன் தொழிலாளர் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடம் 'பெரட்டுக்களம்'. அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவில் 'பெரட்டு' ஆயிற்று. வரிசை வீடுகள் 'லயம்' அல்லது 'லயன்'. அவற்றின் அறை 'காம்பரா', சமையலிடம் 'குசினி', இவ்விரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. வேலைக்குப் போகும் தாய் கைக்குழந்தையை விட்டுச்செல்லும் இடம் 'பிள்ளைக்காம்பரா'. ஒப்பந்தம் 'கொந்தரப்பு', தேயிலைத் தொழிற்சாலை 'ஸ்டோர்', செடியை வெட்டிவிடுவது 'கவ்வாத்து', நாட்சம்பளம் கணக்கில் ஏறுவது 'பேர் போடுதல்', எடை குறைந்தால் கிடைப்பது 'அரைப் பேர்'. தன் வீட்டு மொழி என்று பிள்ளை நம்பும் இந்தப் பேச்சிலேயே இரண்டு கண்டங்களின் சொற்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கின்றன. தூய தமிழ்ப் பண்பாடு ஒன்று வீட்டுக்குள்ளும், அந்நியப் பண்பாடு ஒன்று வெளியிலும் இருப்பதாகக் கற்பித்துக்கொண்டு, பிள்ளை இரண்டுக்கும் இடையே தத்தளிப்பதாகச் சொல்லும் வழக்கமான வருணனை இதனால்தான் இங்கே தடுமாறிவிடுகிறது.

அப்பேச்சில் மிகவும் கவனிக்கத்தக்க சொல் 'நாடு'. தோட்டத்துத் தமிழில் அது அரசையோ தேசத்தையோ குறிப்பதில்லை. அடுத்துள்ள சிங்களக் கிராமமே நாடு, அங்குள்ளவர் 'நாட்டாள்'. பலாக்காய் வாங்க, கித்துள் பாணி வாங்க, அறுவடைக் காலத்தில் கைவேலைக்குப் போக 'நாட்டுக்குப் போய்வருவது' என்பது அன்றாடப் பேச்சு. மூதாதையர் வந்த இடத்துக்கு 'ஊர்' அல்லது 'இந்தியா' என்று பெயர். தாங்கள் வாழுமிடம் 'தோட்டம்'. இந்த மூன்று சொற்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது புலப்படுவது இதுதான்: ஊர் கடலுக்கு அப்பால், நாடு வேலிக்கு அப்பால், கையிலிருப்பதோ பிறருடைய தோட்டம். சொந்தமானவை என்று உலகம் கருதும் இரண்டு சொற்களையும் தன் இருப்பிடத்துக்கு வெளியே வைத்துப் பேசப் பழகிய பிள்ளை, அதைத் துயரமாக உணர்வதில்லை. நாடு என்றால் பலாமரம் நிற்கும் இடம் என்பதே அதன் அறிவு. அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு என்று சொல்லிக்கொடுத்தது பாடநூல்.

உறவுச் சொற்களுக்கு மீண்டும் வரலாம். கணக்கப்பிள்ளை, மருந்து கொடுப்பவர், ஸ்டோரின் டீமேக்கர் ஆகிய உத்தியோகத்தர் அனைவரும் தோட்டத்துத் தமிழில் 'ஐயா'. ஐயா வரும்போது தலைத்துண்டு தோளுக்கு வருவதும், தோளிலிருந்தது கைக்கு வருவதும் பிள்ளையின் கண் முன்னே நாள்தோறும் நடப்பவை. அதே ஒலி சிங்களத்தில் மூத்த சகோதரனைக் குறிக்கும். பதுளைக்குப் போகும் பஸ்ஸில் நடத்துநரையும், சந்தையில் மரக்கறி விற்பவரையும், வழிதெரியாதவர் வழிகேட்கும் இளைஞனையும் 'அய்யா' என்றழைப்பது சிங்கள வழக்கு. ஒரு மொழியில் குனியவைக்கும் சொல் மற்றொரு மொழியில் தோளில் கைபோடும் சொல்லாக இருப்பதை, இரண்டையும் ஒரே நாளில் சொல்லும் பிள்ளை அறியாதிருக்க முடியாது. அந்த நடத்துநர் பதிலுக்குச் சிறுவனை 'மல்லி' என்பார். சிங்களத்தில் அது தம்பி, தோட்டத்து அடுப்படியில் அது ரசத்துக்கு இடிப்பது. கொத்தமல்லியின் பெயரால் அழைக்கப்பட்டதாக முதன்முறை திகைக்கும் பிள்ளை, இரண்டாம் முறை திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. முஸ்லிம் கடைக்காரர் 'நானா', சிங்கள வணிகர் 'முதலாளி'. பின்னது தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய், அங்கே கடைக்காரருக்குரிய மரியாதைப் பெயராக ஊன்றி, தமிழ்ப் பிள்ளையின் வாய்க்குச் சிங்களச் சொல்லாகவே திரும்பி வந்திருக்கிறது. 'அக்கா'வும் 'மாமா'வும் மட்டும் எவ்விடத்திலும் பொருள் மாறாமல், எல்லாக் கடைகளிலும் செல்லும் நாணயமாகப் பயன்படுகின்றன.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து மொழியையோ மொழியின் நடையையோ பேச்சின் நடுவிலேயே மாற்றிக்கொள்வதை மொழியியலில் மொழித்தாவல் என்பர். பிள்ளைகள் இரு மொழிகளைக் குழப்பிக்கொள்வதன் அடையாளமாக ஒருகாலத்தில் கருதப்பட்ட இத்தாவல், எங்கே, யாரிடம், எது செல்லும் என்ற நுண்ணிய கணக்கின் வெளிப்பாடு என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. பள்ளிக்கூடம் இதற்கு மேலும் ஓர் அடுக்கைச் சேர்க்கிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவை இரட்டை வழக்கு என்பர். எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கோ அத்தொலைவு இன்னும் நீளமானது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த ஆசிரியர் பலரின் உச்சரிப்பு ஒன்று, பாடநூலின் நடை ஒன்று, லயத்துப் பேச்சு ஒன்று என, தன் தாய்மொழி என்று சொல்லப்பட்டதற்குள்ளேயே அது மூன்று தமிழைக் கற்க வேண்டியிருந்தது. 'தோட்டக்காட்டுப் பேச்சு' என்று திருத்தப்பட்ட பிள்ளைக்குச் சிங்களத்தைவிடச் செந்தமிழே அந்நியமாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

இத்தகைய பிள்ளைமை எழுத்தாகக் கனிந்ததற்கு ஹாலிஎலவிலேயே சான்று உண்டு. ஹாலிஎலவுக்கு அருகே ஊவா கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்தவர், பின்னாளில் தெளிவத்தை ஜோசப் எனப் புகழ்பெற்ற எழுத்தாளர். தந்தை தோட்டப் பள்ளி ஆசிரியர், குடும்பம் கத்தோலிக்கம். தந்தையின் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்றபின் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டு, கும்பகோணம் லிட்டில் பிளவர் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டுகள் பயின்று, அங்கிருந்து திரும்பிப் பதுளை சென் பீட்ஸ் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார். தோட்டப் பள்ளியிலிருந்து காவிரிக்கரைக் கோயில் நகரத்துக்கும், அங்கிருந்து பல இனத்து மாணவர் கூடிய மலைநகர் மிஷன் கல்லூரிக்கும் ஒரு சிறுவன் சென்றுவந்த இந்த வழி, 1940களில் தோட்டத்து ஆசிரியர், கணக்கப்பிள்ளை போன்ற ஓரளவு வசதியுள்ள குடும்பங்களுக்கே இயன்றது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் இருபுறமும் அதனோடு இணைந்த இரயிலும் ஓடிய காலம் அது. கடலைக் கடப்பது மாணவனுக்கு நீண்டதொரு பயணமே தவிர, நாடு மாறும் செயலாக இன்னும் ஆகியிருக்கவில்லை.

கட்டவளையில் பிறந்தவர், தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டார். பூர்வீக ஊரின் பெயரையோ தந்தையின் பெயரையோ முன்னொட்டாகக் கொள்வது தமிழ் மரபாக இருக்க, சிங்கள ஒலியமைதி கொண்ட ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் விவிலியப் பெயரையும் இணைத்துத் தமிழ் எழுத்தாளராக நின்றதே ஒரு கருத்துரை. 1974இல் வெளிவந்த 'காலங்கள் சாவதில்லை' நாவலும், 1975இல் வெளியான 'புதிய காற்று' திரைப்படத்துக்கு அவர் எழுதிய கதை வசனமும் தோட்டத்து வாழ்க்கையை உள்ளிருந்து காட்டின. 'நாமிருக்கும் நாடே' என்பது அவருடைய முதற் சிறுகதைத் தொகுதியின் பெயர். பாரதியின் பாட்டொன்றை நினைவூட்டும் அத்தலைப்பைத் தமிழகத்து வாசகர் விடுதலை முழக்கமாகக் கேட்பர். 'நாடு' என்றால் பக்கத்துச் சிங்களக் கிராமம் என்று வளர்ந்த ஊவா வாசகரின் காதிலோ அச்சொல் இரட்டையாக ஒலிக்கும். ஆசிரியர் அதை எண்ணித்தான் வைத்தாரா என்று துணிய வேண்டியதில்லை. அந்த மண்ணின் பேச்சு அப்பொருளைத் தானே அங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022இல் அவர் மறைந்தார்.

அவர் கும்பகோணத்துக்குப் போய்வந்த காலத்துக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் அந்தப் பாதையின் பொருள் மாறிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகனாவதற்குத் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. பிள்ளை எங்கே பிறந்தது, எந்த மொழிகளைப் பேசுகிறது, எந்த ஓடையில் குளிக்கிறது என்பவை சட்டத்துக்குப் பொருட்டல்ல. தாத்தாவைப் பற்றியே அது கேட்டது. கடைத்தெருவில் மூன்று பொருளில் விளையாட்டாகப் புழங்கிய சொல்லுக்கு அரசாங்கம் ஒரே பொருளைக் கொடுத்து, அதற்கு எழுத்துச் சான்றும் கோரியது. கங்காணியின் பேரேட்டில் மட்டும் பெயருள்ள ஒரு முதியவருக்குப் பிறப்புப் பத்திரம் தேடுவது எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டும், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிட்டியது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, குடியுரிமையற்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பல பண்பாடுகளில் வளர்ந்த பிள்ளை பெரிதும் இடறி விழுந்தது இந்தப் பங்கீட்டில்தான். இந்தியாவுக்குச் சென்ற குடும்பங்களுள் பல, நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில், தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் குடியேறின. இலங்கையில் 'இந்தியாக்காரர்', 'கள்ளத்தோணி' என்று இழித்துரைக்கப்பட்ட பிள்ளைக்கு அங்கே கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. ஊவாவில் யாரும் வியக்காத அதன் சொற்கள், காம்பராவும் குசினியும், நீலகிரியின் வகுப்பறையில் சிரிப்புக்கு இடமாயின. அப்பிள்ளைக்குப் பண்பாடுகள் பல இருந்தது குறையன்று. எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே செல்லாத பண்பாட்டின் பெயராலேயே அது அழைக்கப்பட்டதுதான் குறை.

பள்ளிகளின் கதையும் இதனோடு இணைந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரும் பொறுப்பை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியிலேயே நின்று, 1970களின் பிற்பகுதியில்தான் பெருமளவில் அரசின் கைக்கு வந்தன. அதே இலவசக் கல்வியோடு வந்த தாய்மொழிக் கல்வி, ஆங்கிலம் அறியாதோருக்குக் கதவைத் திறந்துவிட்ட பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் என்ற நியதி, மிஷன் கல்லூரிகளின் வகுப்பறைகளில் அருகருகே அமர்ந்திருந்த பிள்ளைகளை முதலில் வெவ்வேறு வகுப்புகளாகவும், பின்னர் வெவ்வேறு பாடசாலைகளாகவும் பிரித்தது. இன்று பதுளை நகரில் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை என்று பெயரைக் கேட்டவுடனே பிள்ளையின் வீட்டு மொழியைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். காலை ஏழரை மணி வரை ஒரே பஸ்ஸில் இடித்துக்கொண்டு வரும் பிள்ளைகள், மணி அடித்ததும் மூன்று திசையில் பிரிந்து, பகல் முழுதும் ஒருமொழிப் பிள்ளைகளாக இருந்துவிட்டு, பஸ் நிலையத்தில் மீண்டும் பலமொழிப் பிள்ளைகள் ஆகின்றன.

இதன் விளைவுகளுள் ஒன்று விசித்திரமானது. கடைத்தெருவில் தடையின்றிச் சிங்களம் பேசும் தமிழ்ப் பிள்ளைக்குப் பல வேளைகளில் சிங்கள எழுத்து வசப்படுவதில்லை. இரண்டாம் மொழிப் பாடமாகச் சிங்களம் கற்பிக்கப்படும்போது, ஒன்றுமறியாத பிள்ளைக்குரிய முதற்பாடத்திலிருந்தே அது தொடங்குகிறது. சரளமாகப் பேரம் பேசத் தெரிந்த பிள்ளை 'இது மரம், இது வீடு' என்று ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. பேசத் தெரிந்ததைப் பள்ளி அறிவாகக் கொள்வதில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்ததை வாங்கி வைத்துக்கொண்டு அதையே புதிதாகக் கற்பிக்கும் இம்முறையைக் கல்வி என்பதைவிட வீண்செலவு என்பதே பொருத்தம். மறுபுறம், பிழைப்பு கருதிப் பிள்ளையைச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோரும் உளர். அவர்களின் பிள்ளைகள் சிங்களத்தில் எழுதவும் தமிழில் பேசவும் மட்டும் அறிந்து வளர்கின்றன. எழுத்து ஒரு மொழியிலும் பேச்சு மறு மொழியிலுமாகப் பிளவுபட்ட இந்த இருவகைப் பிள்ளைகளும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்கின்றனர்.

வழிபாட்டிலும் பண்டிகையிலும் நிலைமை இன்னும் இணக்கமானது. சித்திரைப் புத்தாண்டு இரு சமூகத்துக்கும் ஒரே நாள். கீழ்க்கிராமத்திலிருந்து கொக்கிஸும் பாற்சோறும் வரும், மேலிருந்து முறுக்கும் வடையும் போகும். வெசாக் நாளில் தன்சல் எனப்படும் அன்னதானப் பந்தலில் வரிசையில் நிற்க எந்தப் பிள்ளைக்கும் மதம் தடையாவதில்லை. மாசியில் காமன் கூத்தைப் பார்த்த கண் ஆடியில் கதிர்காமக் கொடியேற்றத்தையும் பார்க்கிறது. ஊவா மாகாணத்திலேயே உள்ள கதிர்காமத்தில் முருகனும் கந்தனும் கதரகம தெய்யோவும் ஒருவரே என்பதில் பிள்ளைக்குக் குழப்பமே இல்லை.

இந்த இணக்கத்தைக் காட்டி எல்லாம் நன்று என்று முடித்துவிடுவது நேர்மையன்று. 1983 ஜூலையில் தமிழருக்கெதிராக எழுந்த வன்முறை பதுளையையும் விட்டுவைக்கவில்லை. அக்காலம் பற்றிய நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி, வழிமறித்தவர்கள் வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்பதாகும். 'பால்திய' என்ற அச்சொல்லின் முதலெழுத்து, 'பஸ்' என்பதில் போல், குரல்நாண் அதிர ஒலிக்க வேண்டியது; 'பல்' என்பதில் போல் அதிர்வின்றி ஒலித்தால் சொன்னவர் தமிழர் என்று முடிவாகும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. பகரத்தின் இரண்டு ஒலிகளில் எதை எடுப்பது என்பது வகுப்பறையில் உச்சரிப்புப் பிழை, தெருவில் உயிர்ப் பிரச்சினை. பஸ் என்றும் பங்களா என்றும் சொல்லி வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒலி கைவந்தது. பள்ளியில் மதிப்பெண் பெறாத அந்தத் திறன் தெருவில் உயிர்காக்கும் கருவியாயிற்று. பல மொழி அறிவதைச் செல்வம் என்று போற்றும் கட்டுரைகள், அச்செல்வத்தைச் சிலர் இவ்வாறும் செலவிட நேர்ந்ததைச் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது; 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமையை உறுதிசெய்தது. ஆகவே ஹாலிஎலவில் இன்று பிறக்கும் பிள்ளை, தாத்தாவின் பிறப்புச் சான்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆயினும் பழைய சட்டம் பிறப்புச் சான்றிதழில் தன் தடத்தை விட்டுச்சென்றிருந்தது. தந்தையின் பெயருக்கும் பிறந்த இடத்துக்கும் அடுத்து அவருடைய இனத்தைக் கேட்கும் கூடு ஒன்று அதில் இருந்தது. பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கும் ஒரு கூடு இருந்தது. தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் சான்றிதழில் இரண்டாவது கூட்டில் பெரும்பாலும் எழுதப்பட்டிருந்தது, பிள்ளை எந்தத் தோட்டத்தில் பிறந்ததோ அதே தோட்டத்தின் பெயர். முதற்கூட்டில், அதே பக்கத்தில், அதே கையெழுத்தில், 'இந்தியத் தமிழர்'.